பெபேயாளின் வழியில்: கரீபியத் தீவுகளிலிருந்து கடல் கடந்த பெண்கள்

ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பிரசங்கத்திற்கெனத் தெரிந்துகொள்வோர் நம்மில் மிகச் சிலரே. பெயர்ப் பட்டியல்தானே என்று அதனைக் கடந்துவிடுகிறோம். ஆயினும் அப்பட்டியல் ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்குகிறது. கெங்கிரேயாத் துறைமுகத்துச் சபையின் ஊழியக்காரியான பெபேயாள் ரோமாபுரிக்கு வருகிறாள்; அவளை ஏற்று, வேண்டிய உதவிகளைச் செய்யுமாறு பவுல் அச்சபையாரை வேண்டுகிறார். நிருபத்தைக் கொண்டு சென்றவளும் அவளே என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. ரோமச் சபை அவளை எவ்வாறு ஏற்றது என்பதைத் திருமறை கூறவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இதனையொத்த ஒரு பயணம் ஆயிரக்கணக்கில் நடந்தது. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து பெண்கள் கப்பலேறிப் பிரிட்டனுக்குச் சென்றனர். அவர்களுள் பலர், தங்களை ஏற்றுக்கொள்ளுமாறு ஊர்ப் போதகர் எழுதிய கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்தனர். அக்கடிதங்களுக்கு என்ன மறுமொழி கிடைத்தது? அப்பெண்களைப் பற்றி வரலாறு ஏன் நெடுங்காலம் பேசவில்லை? இவ்விரு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. படமும் பட்டியலும்

1948 ஜூன் 22ஆம் நாள், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டில்பரித் துறையில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பலிலிருந்து பயணிகள் இறங்கினர். போரின் முடிவில் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றப்பட்டுப் படைவீரரை ஏற்றிச் செல்லப் பயன்பட்டு வந்த கப்பல் அது. டிரினிடாட், கிங்ஸ்டன், மெக்சிகோவின் டாம்பிக்கோ, ஹவானா, பெர்முடா ஆகிய இடங்களைத் தொட்டு இங்கிலாந்தை அடைந்தது. படைவீரர் தங்கும் கீழ்த்தளத்தில் இடம் பெறக் கட்டணம் 28 பவுண்டு. அறையில் இடம் பெற 48 பவுண்டு. துறைமுகத்தில் செய்தியாளர் கூடியிருந்தனர். தொப்பியும் கோட்டும் அணிந்த கறுப்பின இளைஞர்களை அவர்கள் படமெடுத்தனர். லார்ட் கிச்சனர் என்னும் டிரினிடாட் பாடகர் செய்திப்படக் கருவியின் முன் பாடினார். அன்று முதல் பிரிட்டனின் குடியேற்ற வரலாறு பெரும்பாலும் அப்படங்களைக் கொண்டே சொல்லப்பட்டு வந்தது. அப்படங்களில் பெண்களைக் காண்பது அரிது.

ஆனால் படம் மட்டுமே சான்றன்று. அக்கப்பலின் பயணியர் பட்டியல் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அதன்படி பயணிகள் 1,027 பேர். அவர்களுள் 12 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 684, பெண்கள் 257, பிள்ளைகள் 86. அப்பெண்களுள் 188 பேர் தனியே பயணம் செய்தவர்கள். இவர்கள் யாவரும் கரீபியர் அல்லர். டாம்பிக்கோவில் ஏறிய போலந்து நாட்டு அகதிப் பெண்களும் இங்கிலாந்து திரும்பிய ஆங்கிலப் பெண்களும் இத்தொகையில் அடங்குவர். கரீபியத்தைத் தங்கள் கடைசி வசிப்பிடமாகக் குறித்தவர்கள் ஆண், பெண், பிள்ளைகள் யாவருமாக 802 பேர். எவ்வாறு கணக்கிட்டாலும், அது ஆண்கள் மட்டுமே வந்த கப்பல் என்னும் எண்ணம் தவறானது என்பது தெளிவு.

அப்பெண்களுள் ஒருவர் மோனா பாப்டிஸ்ட். அவரும் டிரினிடாட் பாடகியே. பின்னாளில் ஜெர்மனியில் புகழ் பெற்றார். ஆனால் டில்பரியில் செய்திப்படக்காரர் தேடியது அவரையன்று. மற்றொருவர் எவலின் வாச்சோப் என்னும் தையற்காரப் பெண். பயணச்சீட்டின்றிக் கப்பலில் ஒளிந்திருந்த அவர், கிங்ஸ்டனை விட்டுப் புறப்பட்ட சில நாள்களில் கண்டுபிடிக்கப்பட்டார். சக பயணிகள் தங்களுக்குள் காசு திரட்டி அவருடைய கட்டணத்தைச் செலுத்தினர். கைச்செலவுக்கும் சிறிது கொடுத்தனர். புதிய நாட்டில் தங்களுக்கே வேலை உறுதியில்லாதவர்கள் இதனைச் செய்தார்கள் என்பது கருதத்தக்கது.

ஐந்து அப்பங்களால் திரளான மக்கள் போஷிக்கப்பட்டதைக் கூறுமிடத்து மத்தேயு, தாம் தரும் எண்ணிக்கையில் பெண்களும் பிள்ளைகளும் சேரவில்லை என்று குறிக்கிறார். எண்ணப்படாதோர் அங்கு இருந்தனர் என்பதையாவது அவர் நமக்குச் சொல்லிவிட்டார். டில்பரியின் படங்கள் அதனையும் சொல்லவில்லை.

2. விண்ட்ரஷுக்கு முன் வந்தவர்கள்

கரீபியப் பெண்களின் கடற்பயணம் 1948இல் தொடங்கியதன்று. திருச்சபை வரலாற்று மாணவர் அறியவேண்டிய முதற்பெயர் ரெபேக்கா புரோட்டன். 1718ஆம் ஆண்டளவில் ஆன்டிகுவாவில் அடிமையாகப் பிறந்த இவர், சிறுமியாயிருக்கையில் செயின்ட் தாமஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அத்தீவு அந்நாளில் தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தரங்கம்பாடிக்கு சீகன்பால்க் வந்து 26 ஆண்டுகளுக்குப் பின், 1732இல், மொரேவியன் மிஷனரிமார் அங்கே சென்றனர். விடுதலை பெற்ற ரெபேக்கா அவர்களோடு சேர்ந்து, அடிமைப் பெண்களிடையே ஊர் ஊராக நடந்து நற்செய்தி கூறினார். மிஷனரி ஒருவரை மணந்து, அதன் தொடர்பான வழக்கில் சிறையும் சென்றார். 1742இல் கணவரோடும் மகளோடும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். கணவர் அப்பயணத்தில் இறந்தார், மகளும் நெடுநாள் வாழவில்லை. 1746இல் ஜெர்மனியில் மொரேவியன் சபை அவரை உதவிக்காரியாக அபிஷேகம் செய்தது. பின்பு அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் பொற்கரைக்குச் சென்று 1780இல் அங்கேயே மரித்தார். புரட்டஸ்தாந்து மிஷனரி வரலாற்றைப் படித்த நம்மில் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருக்கிறோம்?

இரண்டாமவர் மேரி பிரின்ஸ். பெர்முடாவில் அடிமையாகப் பிறந்து, உப்பளங்களில் உழைத்து, ஆன்டிகுவாவில் மொரேவியன் சபையில் சேர்ந்தவர். அச்சபையாரிடமே அவர் எழுத்து கற்றார். 1828இல் எஜமானக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர், அக்குடும்பத்தின் கொடுமையைப் பொறுக்கலாற்றாது வீட்டைவிட்டு வெளியேறினார். இங்கிலாந்து மண்ணில் அவரை அடிமையாகப் பிடித்துவைக்க இயலாது. ஆன்டிகுவாவுக்குத் திரும்பினாலோ மீண்டும் அடிமை. அவருடைய கணவர் ஆன்டிகுவாவில் இருந்தார். விடுதலையா, கணவரா என்னும் இக்கொடிய தெரிவை எதிர்த்து 1829இல் அவர் சார்பில் பாராளுமன்றத்தில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 1831இல் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் வாழ்க்கை வரலாறு பிரிட்டனில் நூலாக வெளிவந்தது அதுவே முதன்முறை.

மூன்றாமவர் யூனா மார்சன். ஜமைக்காவின் பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் மகள், கவிஞர், நாடக ஆசிரியை. 1932இல் லண்டனுக்குக் கப்பலேறியவர், நிறத்தின் காரணமாக அலுவலகங்கள் தம்மை ஏற்காத நிலையில், ஜமைக்கா மருத்துவர் ஹரால்ட் மூடி நிறுவிய கறுப்பின மக்கள் சங்கத்தில் பணியாற்றினார். எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி நாடிழந்து வந்தபோது அவருக்குச் செயலாளராக உதவினார். 1941இல் பி.பி.சி. வானொலியில் பணியமர்ந்து, போர்முனையில் இருந்த கரீபியரின் குரலை அவர்தம் வீடுகளுக்கு அனுப்பினார். அந்நிகழ்ச்சியிலிருந்து 1943இல் வளர்ந்த ‘கரீபியக் குரல்கள்’ பின்னாளில் புகழடைந்த எழுத்தாளர் பலருக்கு முதல் மேடையாயிற்று. அவர்களுடைய பெயர்கள் பரவிய அளவுக்கு யூனா மார்சனின் பெயர் பரவவில்லை.

3. போரும் பெண்களும்

இரண்டாம் உலகப் போரில் கரீபியப் பெண்கள் ஏறக்குறைய 600 பேர் பிரிட்டனின் பெண்கள் துணைப்படையில் சேர்ந்தனர். அவர்களைச் சேர்க்கப் போர்த்துறை நெடுநாள் தயங்கியது. இறுதியில் 1943இல் கறுப்பினப் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. ஏறத்தாழ 100 பேர் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சத்துக்கிடையே கடல் கடந்து பிரிட்டனுக்கு வந்தனர். மற்றவர் அமெரிக்காவிலும் தம் தீவுகளிலும் பணி புரிந்தனர்.

கோனி மார்க் என்பவர் கிங்ஸ்டனிலுள்ள இராணுவ மருத்துவமனையில் செயலாளராக இருந்தவர். காயமுற்ற வீரரின் அறிக்கைகளைத் தட்டெழுதுவது அவர் வேலை. பதவி உயர்வுக்குரிய ஊதியம், நாளொன்றுக்கு 2 பென்ஸ், ஜமைக்காப் பெண் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. ஆங்கிலப் பெண் அதிகாரிகளின் வீடுகளைத் துப்புரவு செய்ய மறுத்ததால் அவருக்குரிய பதக்கப் பரிந்துரையும் நிறுத்தப்பட்டது. 1954இல் அவர் இங்கிலாந்தில் குடியேறினார். அப்பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது 1992இல்.

அவர் தமக்காக மட்டும் வழக்காடவில்லை. ஜமைக்காவைச் சேர்ந்த மேரி சீகோல், 1854இல் லண்டனுக்கு வந்து, கிரிமியப் போரில் செவிலியராகச் செல்ல விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, சொந்தச் செலவில் போர்முனைக்குச் சென்றவர். 1881இல் அவர் இறந்தபின் இங்கிலாந்து அவரை ஏறக்குறைய முற்றிலும் மறந்தது. 1973இல் செவிலியர் சிலர் அவருடைய கல்லறையைப் புதுப்பித்தனர். அவர் நினைவைப் போற்றும் சங்கத்தை 1980இல் தொடங்கியவர் கோனி மார்க். மறக்கப்பட்ட பெண்ணை நினைவுக்குக் கொணர்ந்தவர், தாமும் மறக்கப்பட்ட ஒரு பெண்ணே.

4. பிழைப்பும் பணியும்

போருக்குப் பின் இப்பெண்கள் ஏன் கப்பலேறினர்? 1838இல் அடிமைத்தனம் முற்றிலும் ஒழிந்தபோதும் கரும்புத் தோட்டங்களின் வறுமை ஒழியவில்லை. 1930களில் தீவெங்கும் வேலையின்மையும் கலகமும் நிலவின. 1944இல் பெரும்புயல் ஜமைக்காவைப் பாழாக்கியது. 1952இல் அமெரிக்கா தன் சட்டத்தால் கரீபியக் குடியேற்றத்தைப் பெரிதும் சுருக்கியது. 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டமோ குடியேற்ற நாட்டு மக்களுக்குப் பிரிட்டனில் வாழும் உரிமையை உறுதி செய்தது. ஆகவே அவர்கள் சட்டப்படி அந்நியராக அன்று, குடிமக்களாகவே வந்தனர்.

1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. செவிலியர் பற்றாக்குறை மிகுதியாயிருந்தமையால் 1949 முதல் அரசே கரீபியத்தில் இளம்பெண்களைத் தேடியது. ஆனால் பயிற்சியில் இரு வழிகள் இருந்தன. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றவர் முழுத் தகுதியுடைய செவிலியராவர். இரண்டாண்டுப் பயிற்சியோ கீழ்நிலைத் தகுதி. கரீபியப் பெண்களுள் பலர், வேறுபாடு விளக்கப்படாமலே இரண்டாம் வழியில் சேர்க்கப்பட்டனர். அத்தகுதி அவர்களுடைய சொந்தத் தீவுகளில் செல்லாது என்பதைப் பிந்தியே அறிந்தனர். மேற்பதவிக்கும் வழியில்லை, ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. 1955இல் ஜமைக்காவிலிருந்து வந்த லூயிஸ் டாகோகோடியா முழுத் தகுதி பெற்று, 1960களில் மான்செஸ்டரில் உயர்பொறுப்பை எட்டினார் என்பது உண்மையே. ஆயினும் கறுப்புக் கை தங்களைத் தொடலாகாது என்ற நோயாளிகளைச் சந்தித்தே அவர் அதனை எட்டினார்.

கல்வியிலும் இதே நிலை. பிரிட்டிஷ் கயானாவில் தேர்ந்த ஆசிரியையாயிருந்த பெரில் கில்ராய் 1950களின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்தார். பள்ளிகள் ஏற்காமையால் தொழிற்சாலையிலும் பின்பு வீட்டு வேலையிலும் காலம் கழித்தார். 1969இல் லண்டனின் முதல் கறுப்பினத் தலைமை ஆசிரியையருள் ஒருவரானார். எழுத்தாளர் ஆண்ட்ரியா லெவியின் தந்தை விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர். தாயோ அதே ஆண்டில் வாழைக்குலை ஏற்றும் கப்பலொன்றில் தனியே வந்து சேர்ந்தார். ஜமைக்காவில் ஆசிரியையாயிருந்த அத்தாய், இங்கிலாந்தில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்து, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்து ஆசிரியையானார். தந்தை வந்த கப்பலை உலகம் அறியும். தாய் வந்த கப்பலை மகள் எழுதியிராவிடில் எவரும் அறியார்.

பெண்கள் பலர் தம் பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் விட்டு வந்தனர். வாரந்தோறும் பெற்ற கூலியில் ஒரு பங்கு தீவுக்குச் சென்றது. எஞ்சியதிலிருந்து அவர்கள் ‘பார்ட்னர்’ என்னும் சேமிப்பை நடத்தினர். இது நம் பெண்கள் நடத்தும் சீட்டைப் போன்றதே. நம்பிக்கைக்குரிய ஒருவர் வாரந்தோறும் பணம் வசூலிப்பார்; முறை வந்தவர் மொத்தத் தொகையையும் பெறுவார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் வந்த வழக்கம் இது. வங்கிகள் கடன் மறுத்த நாளில், வீட்டுக்காரர் கதவடைத்த நாளில், பழைய வீடொன்றை வாங்க முன்பணமானதும், பிள்ளைகளை வரவழைக்கக் கப்பல் கட்டணமானதும் இச்சீட்டுப் பணமே.

5. திருச்சபையின் வாசலில்

இனி நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். இப்பெண்கள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், மொரேவியன் சபைகளில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர்கள். இங்கிலாந்து அவர்களுக்கு மிஷனரிமாரை அனுப்பிய நாடு. ஆகவே வந்த முதல் ஞாயிறன்று, தூய உடையணிந்து, கடிதத்தோடு அருகிலிருந்த ஆலயத்துக்குச் சென்றனர். ஒளிவுமறைவின்றிச் சொல்வதாயின், பல ஆலயங்களில் அவர்கள் வரவேற்கப்படவில்லை. அவர்கள் அமர்ந்த இருக்கையிலிருந்து பிறர் எழுந்து சென்றனர். ஆராதனை முடிந்தபின் வாசலில் போதகர் கைகுலுக்கி, சபையார் மனம் நோகுமாதலால் மறுபடி வரவேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்ட நிகழ்ச்சிகளை அத்தலைமுறையினர் பலர் பதிவு செய்துள்ளனர். வரவேற்ற போதகர்களும் சபைகளும் இல்லாமற் போகவில்லை; ஆனால் அவை விதிவிலக்கு.

கிளிஃபோர்ட் ஹில் என்னும் போதகர் 1963இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவை எண்ணால் காட்டியது. தீவுகளில் 100க்கு 69 பேர் ஒழுங்காக ஆலயம் சென்றனர்; லண்டனில் பழைய சபைகளுக்குச் சென்ற கரீபியர் 100க்கு 4 பேரே. இவர்கள் யாவரும் விசுவாசத்தை விட்டுவிட்டனர் என்று கொள்வது பிழையாகும். வாடகை அறையில், மண்ணெண்ணெய் அடுப்பின் அருகில், பெண்கள் கூடி ஜெபித்தனர். வேலை முடித்து வந்த செவிலியரும் தொழிற்சாலைப் பெண்களும் அக்கூட்டங்களைத் தாங்கினர். இத்தகைய கூட்டங்களிலிருந்தே பெந்தெகொஸ்தே, பரிசுத்தச் சபைகள் பல வளர்ந்தன. புதிய ஏற்பாட்டு தேவசபை 1953இல் உல்வர்ஹாம்ப்டன் நகரில் தொடங்கியது. இச்சபைகளின் வரலாறுகளில் முதற்கண் எழுதப்படுபவை ஆயர்களின் பெயர்கள். அறையைத் திறந்துவிட்ட பெண்ணின் பெயர், தேநீர் காய்ச்சிய பெண்ணின் பெயர், சீட்டுப் பணத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஒரு சபை அவர்களை வாசலில் மறந்தது. மற்றொரு சபை அவர்களை ஏட்டில் மறந்தது.

2020 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை, விண்ட்ரஷ் காலந்தொட்டுக் கறுப்பின விசுவாசிகள் சபைக்குள் அனுபவித்த நிறவேற்றுமைக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. டில்பரிக்குப் பின் ஏறத்தாழ 72 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குச் சில திங்களுக்கு முன், 2019 இறுதியில், ஜமைக்காவில் பிறந்த ரோஸ் ஹட்சன்-வில்கின் டோவர் ஆயராக அபிஷேகம் பெற்று, அச்சபையின் முதல் கறுப்பினப் பெண் ஆயரானார். மன்னிப்பைக் கேட்கவும், இந்த அபிஷேகத்தைக் காணவும் கடிதத்தோடு வந்த முதல் தலைமுறைப் பெண்களுள் மிகப் பலர் உயிரோடில்லை.

6. ஏடுகளைப் பற்றி ஒரு சொல்

2018இல் பிரிட்டனில் ஒரு பெரும் அநீதி வெளிப்பட்டது. பெற்றோரோடு சிறுவயதில் வந்து, அரை நூற்றாண்டு உழைத்து வரி செலுத்திய கரீபியர் பலர், தாங்கள் சட்டப்படி வந்ததை ஏட்டால் நிரூபிக்க இயலாமையால் வேலையிழந்தனர், மருத்துவம் மறுக்கப்பட்டனர். சிலர் சிறைவைக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டனர். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் குடிவரவுச் சீட்டுகளை அரசு 2010இல் அழித்திருந்தது. அரசு பின்பு மன்னிப்புக் கேட்டது. ஓர் ஏட்டில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாமையும் ஒருவரின் வாழ்வையே தீர்மானிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2022இல் லண்டனின் வாட்டர்லூ இரயில் நிலையத்தில் விண்ட்ரஷ் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. பெட்டிகளின்மேல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் கைகோத்து நிற்கின்றனர். 1948இன் படங்களில் விடுபட்டவர்கள் வெண்கலத்தில் இடம் பெற்றனர்.

இக்கட்டுரையை எழுதுகையில் என் சொந்த ஊழியத்தையும் எண்ணிப் பார்த்தேன். நான் பணியாற்றிய ஒரு சபையின் பழைய பதிவேட்டில், நாற்பதாண்டுகள் வேதாகமப் பெண்ணாக வீடு வீடாக நடந்த ஒருவருடைய அடக்க ஆராதனைக் குறிப்பு உள்ளது. அதில் அவர் இன்னாரின் மனைவி என்றே எழுதப்பட்டிருக்கிறார். தொழில் என்னுமிடத்தில் ‘வீட்டு வேலை’. அதனை எழுதியவர் என் முன்னோடி. அதே முறையில் நானும் பல ஆண்டுகள் எழுதினேன். வேலை தேடி வெளியூர் சென்ற இளம்பெண்களுக்கு நான் எழுதிக் கொடுத்த சபைக் கடிதங்களும் பல. அக்கடிதத்தைப் பெற்ற சபை அவர்களை ஏற்றதா என்று கேட்டு மறுகடிதம் எழுதியது மிகச் சில வேளைகளிலேயே.

பெபேயாளை அனுப்பிய பவுல் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. அவள் தமக்கும் பலருக்கும் ஆதரவாயிருந்தவள் என்று அவள் செய்ததையும் எழுதினார். இறையியல் மாணவர் சபை வரலாறு எழுதத் தொடங்குமுன் பதிவேடுகளைத் திறந்து, தொழில் என்னும் இடத்தை நிரப்பாமல் விட்ட பெயர்களைத் தேடட்டும். போதகராகிய நாம் அடுத்த கடிதத்தை எழுதும்போது, போகிறவள் யார், என்ன ஊழியம் செய்தாள் என்பதைத் தெளிவாக எழுதுவோம். வருகிறவள் கையில் கடிதம் இருப்பின், வாசலில் நின்று அதனை முழுவதும் வாசிப்போம்.